முடுக்குக்கு மேலே ஓர் அறை

எனிட் சட்கிளிஃப் பிழைத்ததே மற்றவர்களின் ஜன்னல்களால்தான். ஹாலின்ராய்டு சந்தைக் கட்டடத்துக்குள், பாலாடைக்கட்டிக் கடையை ஒட்டி, ஜாய்ஸ் என்பவளின் திரைச்சீலைக் கடை இருந்தது. ஜாய்ஸ் பேசுவாள், எனிட் தைப்பாள். யார் வீட்டுக்காவது போய் அளவெடுக்க வேண்டும் என்றால் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எனிட்தான் கிளம்புவாள். அவள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பாதத்தின் ஓரத்தால் நடப்பவள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டபோது, அவள் வரவில்லை என்பதையே டீச்சர் ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தாளாம்.

ஐம்பத்திரண்டு வயதுவரை வாடகை வீடுதான். ஹாலின்ராய்டில் வீடுகள் மலைச்சரிவில் ஒன்றின் தலைமேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். மேல் வீட்டுக்காரர்கள் மேல் தெருவிலிருந்து நுழைவார்கள், கீழ் வீட்டுக்காரர்கள் கீழ்த் தெருவிலிருந்து. கீழ் வீட்டின் முதுகு மண்ணுக்குள் புதைந்திருக்கும். எனிட் இருந்தது கீழ் வீட்டில். பின் சுவரில் கை வைத்தால் கோடையிலும் குளிரும். தினமும் ஊருக்கெல்லாம் ஜன்னல் அளந்துவிட்டு, சாயங்காலம் ஒற்றை ஜன்னலுள்ள அந்த வீட்டுக்குத் திரும்பி, டீயோடு அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வாள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஜாய்ஸ் ஒருத்திக்குத்தான் அது தெரியும்.

பல வருடங்களுக்கு முன்னால் பிர்ச் தெருவில் ஹெட்டி ஷா வீட்டுக்கு அவள் அளவெடுக்கப் போனாள். ஹெட்டி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே, தெருவிலிருந்து பின்கட்டுக்குப் போக ஒரு முடுக்கு உண்டு. கல் பாவிய, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கக்கூடிய முடுக்கு. அதன்மேல் வளைவு கட்டி, வளைவின்மேல் ஓர் அறை. ஹெட்டியின் மாடியிலிருந்துதான் அந்த அறைக்குக் கதவு. எனிட் நாடாவோடு உள்ளே போய் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சு மூடியிருந்தது. மஞ்சுக்குள் எங்கேயோ ரயில். அப்போது அவள் காலடிக்குக் கீழே யாரோ நடந்து போனார்கள். ஒரு நாயின் நகங்கள் கல்லில் தட்டிக்கொண்டு போயின. பிறகு ஒரு குழந்தை வண்டியின் சக்கரம். தரை இருந்தது, தரைக்கு அடியில் வீடு இல்லை, மண் இல்லை, போகிறவர்களும் வருகிறவர்களும்தான் இருந்தார்கள். மிதக்கிற ஒன்றின்மேல் ஏறி நிற்பதுபோல அவளுக்கு இருந்தது.

“என்ன கண்ணு, ஜன்னல் அவ்வளவு பெருசா?” என்று ஹெட்டி கீழேயிருந்து கேட்டபோதுதான் அவள் நாடாவைப் பிரித்தாள்.

அதற்குப் பிறகு அந்த அறை அவள் கனவில் வரும். தெருவிலிருந்து மெல்லக் கழன்று, கால்வாயைத் தாண்டி, ஆலைப் புகைபோக்கியை உரசாமல், பள்ளத்தாக்கின்மேல் போய்க்கொண்டிருக்கும். உள்ளே எனிட் கட்டிலில் படுத்திருப்பாள். எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றாது.

எனிட்டுக்கு ஐம்பத்திரண்டு நடக்கும்போது, வசந்தத்தில் ஹெட்டி போய்ச் சேர்ந்தாள். அவள் தம்பி லெனர்டின் மகன் லீட்ஸிலிருந்து வந்து, வீட்டு வாசலில் விற்பனைப் பலகையை நட்டுவிட்டுப் போனான்.

“எனிட், உன் ரூம் விலைக்கு வந்திருக்குடி,” என்றாள் ஜாய்ஸ். “வீடும் சேர்த்துத் தர்றாங்களாம்.”

வீட்டுக்கடன் சங்கத்து மனிதர் அவள் சேமிப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சரி என்றார். அதன் பிறகு அவள் வக்கீலிடம் போக வேண்டியிருந்தது. ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் மிஸ் ஆக்ராய்டின் அலுவலகம். வீட்டுப் பத்திரங்கள் மட்டுமே பார்க்கிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சு வேகம்.

“விக்கறவங்க தானா எதையும் சொல்ல மாட்டாங்க, மிஸ் சட்கிளிஃப். நாமதான் கேக்கணும். கேக்காம விட்டா அது நம்ம தலையில. அதனால நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். ரெண்டு பக்கமும் பத்திரத்தை மாத்திக்கற வரைக்கும் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவங்க இல்ல. அவங்க மனசு மாறலாம், நீங்களும் மாறலாம்.”

“நான் மாற மாட்டேன்,” என்றாள் எனிட். தன் குரலைக் கேட்டு அவளே சற்றுத் திடுக்கிட்டாள்.

மிஸ் ஆக்ராய்டு அனுப்பிய கேள்விகளின் நகல் எனிட்டுக்கும் வந்தது. டீ ஆறுவது தெரியாமல் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கத்துச் சுவர் யாருடையது? கூரையில் விழும் மழை யார் நிலத்தின் வழியாகப் போகிறது? நிலத்துக்கு அடியில் சுரங்கம் உண்டா? இந்த வீட்டின்மேல் வேறு யாருக்காவது பாத்தியதை இருக்கிறதா? யாரும் அவளிடம் அவளைப் பற்றி இப்படியெல்லாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் லீட்ஸ்காரனின் வக்கீல் ஒரே மாதிரிப் பதிலை எழுதியிருந்தார்: விற்பவருக்குத் தெரிந்தவரை இல்லை. விற்பவருக்குத் தெரிந்தவரை அப்படித்தான்.

ஆகஸ்டில் ஒருநாள் மிஸ் ஆக்ராய்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். மேசையில் பத்திரத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. வீட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அது முடுக்குச் சுவர் வரைக்கும் வந்து அங்கேயே திரும்பிவிட்டது.

“மேல ஒரு ரூம் இருக்கே, முடுக்குக்கு மேல. அது இந்த வீட்டுப் பத்திரத்துல இல்ல. பக்கத்து வீட்டுப் பத்திரத்துல இருக்கு.”

“கதவு இந்த வீட்டுலதானே இருக்கு?”

“கதவு எங்க வேணா இருக்கலாம். எப்பவோ யாரோ அந்தப் பக்கம் அடைச்சு இந்தப் பக்கம் திறந்திருக்காங்க. இந்த ஊருல இது புதுசில்ல. கை குலுக்கிக்குவாங்க, எழுதிக்க மாட்டாங்க. அப்புறம் எங்க உயிரை எடுப்பாங்க.”

“இத்தனை வருஷம் இவங்கதானே வெச்சிருந்தாங்க...”

“அனுபவ பாத்தியதை கேக்கலாம்தான். ஆனா அவங்களே சம்மதிச்சுக் குடுத்திருந்தா அது நிக்காது. இரவல் வாங்கின சட்டையை எத்தனை வருஷம் போட்டாலும் இரவல்தான்.” எனிட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு மிஸ் ஆக்ராய்டு குரலைத் தணித்தாள். “பயப்படாதீங்க, வழி இருக்கு. இதுக்குன்னே காப்பீடு விக்கறாங்க. பின்னாடி யாராவது உரிமை கேட்டு வந்தா கம்பெனி பாத்துக்கும். கடன் சங்கமும் ஒத்துக்கும். ஒரே ஒரு நிபந்தனை. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இதைப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது. நாம கேட்டுட்டா அவர் முழிச்சுக்குவார். முழிச்சுக்கிட்டவருக்கு எதிரா காப்பீடு தர மாட்டாங்க.”

எனிட் யோசித்தாள். “அப்ப, கேக்காம இருக்கறதுக்கா பணம் கட்டறோம்?”

“ஆமா. இந்த நாட்டுல பாதி வீடு அப்படித்தான் கைமாறுது. உங்களுக்கு இது கஷ்டமே இல்ல. நீங்கதான் பேசவே மாட்டீங்களே.”

அது உண்மைதான். படியிறங்கும்போது எனிட்டுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் ஊமைத்தனம் ஒரு காரியத்துக்கு உதவப்போகிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வில்ஃப் பாராக்ளஃப். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. வேலையை விட்டுப் பல வருடமாகியும் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. ரொட்டிக் கடையில் வரிசை நின்றால், “எல்லாரும் உள்ளே தள்ளி நில்லுங்க!” என்பார். பேச்சு போதும் என்று பட்டால் கைக்கெட்டிய எதிலாவது விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடந்துவிடுவார். இரண்டு மணியடித்தால் பஸ் கிளம்பலாம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனிட் பிர்ச் தெருவுக்குப் போய் அந்த முடுக்கில் நிற்பாள். வீடு இன்னும் அவளுடையது இல்லை. முடுக்கில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். அண்ணாந்து வளைவைப் பார்ப்பாள். அதற்கு மேல் நான்கு சுவரும் ஒரு ஜன்னலும் காத்திருப்பது தெரியும். ஈரக் கல் வாசனை. ஆற்றுச் சத்தம். நின்றபடியே கனவு வந்துவிடும்.

செப்டம்பரில் அப்படி நின்றிருந்தபோது கரி வாளியோடு வில்ஃப் வந்துவிட்டார்.

“வாரா வாரம் வந்து கூரையையே பாத்துக்கிட்டு நிக்கறியே, பொண்ணே. ஒழுகுதா?”

எனிட் இல்லை என்று தலையாட்டினாள்.

“ஹெட்டி வீட்டை வாங்கறது நீதானாமே?”

ஆமாம் என்று தலையாட்டினாள். நகர்ந்துவிடலாம் என்று பார்த்தால் வாளி வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

“மேல ரூம்ல என்ன போடப்போற?”

இதில் தப்பில்லை என்று தோன்றியது. “கட்டில்,” என்றாள்.

“எந்தப் பக்கம் தலை?”

“சுவர்ப் பக்கம் தலை. ஜன்னல் பக்கம் கால். படுத்தபடியே வெளியே தெரியும்.”

“ம்,” என்றார் வில்ஃப். வாளியைக் கீழே வைத்தார். “நானும் அப்படித்தான் போட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டு அவரும் அண்ணாந்து வளைவைப் பார்த்தார். இருவரும் அப்படியே நின்றார்கள். எதுவும் கேட்காதே என்று மிஸ் ஆக்ராய்டு சொன்னது எனிட்டின் காதிலேயே இருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குச் சிரமமாக இருந்ததே கிடையாது. அன்றைக்குத்தான் அது, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

“அது உங்க ரூமா?” என்று கேட்டுவிட்டாள்.

வில்ஃப் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கு ஒன்பது வயசு வரைக்கும். ஹெட்டி தம்பி லெனர்டுக்கு நெஞ்சுச் சளி. தனியா படுக்க வைக்கணும்னு டாக்டர் சொன்னார், அவங்க வீட்டுல எட்டுப் பேரு, எங்க படுக்க வைப்பாங்க? எங்கம்மா ஹெட்டியோட அம்மாகிட்ட, ‘எங்க பையன் ரூமை எடுத்துக்குங்க’ன்னு சொல்லிட்டா. என்னைக் கேக்கல. அடுத்த வாரம் கதவு இருந்த இடத்துல செங்கல். என்னைப் பின்பக்க ரூம்ல போட்டாங்க. ஒருபக்கம் மலை.”

“ஹெட்டி...”

“அறுபது வருஷம் அவளோட சுவரைப் பங்கு போட்டுக்கிட்டேன். அதைப் பத்தி அவளும் பேசல, நானும் பேசல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்டது நீ ஒருத்திதான்.”

முடுக்குச் சுவரில் இரண்டு தட்டு. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை மிஸ் ஆக்ராய்டு காப்பீட்டுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். “பக்கத்து வீட்டோட எந்தப் பேச்சும் நடக்கலைன்னு உறுதி சொல்லி, இங்க ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.”

எனிட் பேனாவை எடுத்தாள். போட்டுவிடலாம். வில்ஃப் அதைச் சொல்லித் திரிகிற ஆள் இல்லை. ஆனால் அந்தத் தாளின்மேல் கட்டிலைப் போட்டுப் படுத்தால் கனவில் அறை நகராது என்று பட்டது.

“கேட்டுட்டேன்,” என்றாள்.

“என்னத்தை?”

“அது உங்க ரூமான்னு.”

மிஸ் ஆக்ராய்டு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “அவர் என்ன சொன்னார்?”

“ஆமாங்கறார். சம்மதிச்சுத்தான் குடுத்தாங்களாம்.”

“அடக் கடவுளே. அதையும் கேட்டீங்களா?” காப்பீட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “சரி. காப்பீடு போச்சு. இனிமே ரெண்டு வழிதான். ரூம் இல்லாம வீட்டை வாங்கிக்கலாம். கதவை அடைச்சுட்டு, விலையைக் குறைக்கச் சொல்லிக் கேப்பேன்.”

“அது வேண்டாம்.”

“அப்ப மிஸ்டர் பாராக்ளஃப் தன் கையால எழுதிக் குடுக்கணும். எழுதிக் கேக்கறேன். ஆனா லீட்ஸ்காரர் எவ்வளவு நாள் காத்திருப்பார்னு தெரியாது. வேற ஒருத்தரும் வீட்டைப் பாத்துட்டுப் போயிருக்காராம்.”

சந்தையில் ஜாய்ஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“அம்பத்திரண்டு வருஷமா வாயைத் திறக்கல. ஒரே ஒரு நாள் திறந்த. வீட்டையே முழுங்கிட்ட.”

“பொய்யா இருந்திருக்கும், ஜாய்ஸ்.”

“சும்மா இருக்கறது எப்படிடி பொய்யாகும்? நான் என் புருஷன்கிட்ட பாதி விஷயம் சும்மாதான் இருக்கேன். குடும்பம் ஓடல?” பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இந்தா, இஞ்சி கேக் இருக்கு. தின்னு. அழுதா வெல்வெட்டுல கறை பட்டுடும்,” என்றாள்.

அக்டோபர் முழுக்க மஞ்சு. எனிட் பிர்ச் தெருப் பக்கமே போகவில்லை. கனவிலும் அறை தெருவை விட்டுக் கிளம்பவில்லை. முடுக்கின்மேல் இறுகிப்போய், ஜன்னல் இருட்டிக் கிடந்தது. லீட்ஸ்காரன் மாதக் கடைசிவரை பார்ப்பதாகச் சொல்லியிருந்தான். மாதம் முடியப்போகிற ஒரு வெள்ளிக்கிழமை, சந்தைக் கட்டடத்தின் அந்தக் கோடியிலிருந்தே வில்ஃபின் குரல் கேட்டது. யாரையோ தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“என்ன வேணும், வில்ஃப்? உங்க ஜன்னலுக்கும் திரை போட ஆசை வந்துடுச்சா?” என்றாள் ஜாய்ஸ்.

“நீ வேண்டாம். நீ பேசற டிக்கெட். எனக்குப் பேசாத டிக்கெட்தான் வேணும்.” எனிட்டின் தையல் மிஷின் முன்னால் வந்து நின்றார். “உன் வக்கீல் ரெண்டு பக்கம் எழுதியிருந்தா. ஒண்ணும் புரியல. அடுப்பு பத்த வைக்க உதவுச்சு. நீ அன்னிக்கு மூணே வார்த்தைதான் கேட்ட. அது புரிஞ்சுது.”

எனிட்டின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது.

“செங்கலை இடிச்சுட்டு நான் அந்தப் பக்கம் போகப்போறேனா? எங்கம்மா வாயால குடுத்தா. நான் கையால குடுத்துடறேன். ஆனா ஒண்ணு கேப்பேன். வக்கீல் முன்னாடிதான் கேப்பேன்.”

மிஷினின் பலகையில் இரண்டு தட்டு.

அவருக்கென்று தனி வக்கீல் இருந்தே ஆக வேண்டும் என்று மிஸ் ஆக்ராய்டு பிடிவாதம் பிடித்தாள். அதனால் அவரோடு எதிர்த்தெரு வக்கீல் ஒருவரும் அவள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கடுமையான ஜலதோஷம், மூக்கைத் துடைத்துக்கொண்டதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. விலை கேட்கப்போகிறார் என்று மிஸ் ஆக்ராய்டு பேனாவோடு தயாராக இருந்தாள். எனிட் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வருஷத்துக்கு ஒரு தடவை,” என்றார் வில்ஃப், “அந்த ரூம் தரையில நான் படுத்துக்கணும்.”

“படுத்துக்கணுமா?” என்றாள் மிஸ் ஆக்ராய்டு.

“காதைத் தரையில வெச்சு. கீழ முடுக்குல யாராவது நடக்கணும். அப்பல்லாம் எல்லாரும் கட்டைச் செருப்பு. படுத்துக்கிட்டே யாரு வர்றாங்கன்னு சொல்லிடுவேன். எங்கப்பா ஆலையிலிருந்து வர்றப்ப, அவர் முடுக்குல கால் வைக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுடும். பின்பக்க ரூமுக்குப் போனப்பறம் அது கேக்கல. அவர் கதவைத் திறந்தாத்தான் வந்துட்டார்னு தெரியும்.” தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அவ்வளவுதான்.”

மிஸ் ஆக்ராய்டு பேனாவை மூடி வைத்தாள். “மிஸ்டர் பாராக்ளஃப், இதைப் பத்திரத்துல எழுதினா அது பாத்தியதையா, அனுமதியான்னு கடன் சங்கம் கேக்கும். எனக்கே தெரியல. தரையில படுக்கற உரிமைன்னு நான் கேள்விப்பட்டதே இல்ல. எழுத முடியாது.”

“எழுதச் சொன்னது யாரு? உன் முன்னாடி அவகிட்ட சொன்னேன்.”

எனிட் எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். “சரி,” என்று சொல்லிக் கையை நீட்டினாள். வில்ஃப் அதைப் பிடித்துக் குலுக்கினார்.

மிஸ் ஆக்ராய்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நான் எதையும் பாக்கல, எதையும் கேக்கல. இப்படி ஒரு கை குலுக்கல்லதான் இவ்வளவும் ஆரம்பிச்சுது.” எதிர்த்தெரு வக்கீல் தும்மினார்.

நவம்பர் பாதியில் ஒருநாள் காலையிலிருந்து எனிட் கோட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் போய்ச் சேர்ந்ததும் மிஸ் ஆக்ராய்டு சந்தைக் கடைக்கு ஃபோன் செய்தாள். “அது உங்க வீடு, மிஸ் சட்கிளிஃப். ரூமும்தான். போய்ச் சாவியை வாங்கிக்குங்க.” ஜாய்ஸ் அவளைக் கட்டிப்பிடித்து, கோட்டில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, போ போ என்றாள்.

வீட்டில் ஒன்றும் இல்லை. மாடியேறி, அந்த அறைக்குள் போய் நின்றாள். ஹெட்டியின் திரைகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கண்ணாடி முழுக்க மஞ்சு வந்து நின்றது. கீழே வாசல் கதவில் இரண்டு தட்டு.

வில்ஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மெல்லப் படியேறி வந்தார். அறை வாசலில் நின்று சுவர்களைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “நான் நினைச்சுக்கிட்டிருந்ததைவிடச் சின்ன ரூம்,” என்றார். பிறகு ஒரு முழங்காலை ஊன்றி, முனகிக்கொண்டே மற்றதையும் ஊன்றி, பலகைத் தரையில் பக்கவாட்டில் படுத்து, காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“போ. நட.”

எனிட் இறங்கிப் போய் முடுக்கின் தெருக்கோடியில் நின்றாள். அங்கிருந்து பின்கட்டுவரை நடந்தாள். திரும்பி வந்தாள்.

“போனியா இல்லையா?” என்று மேலேயிருந்து கண்டக்டர் குரல் வந்தது.

“போயிட்டு வந்துட்டேன்!”

“ஒண்ணும் கேக்கலையே! பூனை மாதிரி நடந்தா எப்படி?”

எனிட் தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு வலது காலைத் தூக்கி, முழுப் பாதமும் படக் கல்லில் வைத்தாள். வளைவு அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. இடது கால். மறுபடி வலது. ஆலையிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எப்படி நடந்திருப்பார்களோ அப்படி நடந்தாள். எதிரே நாயோடு வந்த ஒரு பெண் சுவரோரம் ஒதுங்கி நின்று அவளை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும். பின்கட்டில் திரும்பி, மறுபடி தெருவை நோக்கி, கல் அதிர நடந்தாள்.

மேலே, தரைப் பலகையில், இரண்டு தட்டு.

தலைக்குமேல் அந்த அறை முடுக்கை விட்டு மெதுவாகக் கழன்று மஞ்சுக்குள் கிளம்புவது போலிருந்தது எனிட்டுக்கு. நிற்காமல் நடந்துகொண்டிருந்தாள்.